தாமதம் கேட்ட வீடு

வேகம் போதவில்லை என்று புகார் வந்தால் பூங்கொடி நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். அதற்கெல்லாம் பதில் எழுத அலுவலகத்தில் தனி ஆள் உண்டு. அந்தத் திங்கட்கிழமை வந்தது வேறு மாதிரி.

'லைன் இப்ப ரொம்ப வேகமா இருக்குது. பழையபடி மெதுவா ஆக்கித் தரவும்.'

அவ்வளவுதான். பெயர் இல்லை. கீழே, கம்பெனி விற்கிற 'அரண்' பெட்டியின் எண் மட்டும் இருந்தது. புகார் அனுப்ப அந்த எண் போதும். அது தெரிந்த யார் வேண்டுமானாலும் அனுப்பலாம்.

முதல் தடவை படித்தபோது சிரித்தாள். டீ குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தபோது சிரிப்பு வரவில்லை. அந்த வேகத்துக்காக அவள் ஒரு வருஷத்தின் பெரும்பகுதியைக் கொடுத்திருந்தாள்.

வீட்டுக் காமிராக்களில் பதிவான படங்கள் மொத்த வியாபாரத்துக்கு வந்த ஊழலுக்கு அப்புறம் அரசாங்கம் ஒரு சட்டம் போட்டிருந்தது. இனி எந்த வீட்டிலிருந்தும் பேச்சோ படமோ பூட்டாமல் வெளியே போகக் கூடாது. வீட்டுக்கு ஒரு பெட்டி. உள்ளே நுழையப் பார்க்கிற கண்டதையும் அது தடுக்க வேண்டும். வெளியே போவதையெல்லாம் ரகசிய எண்களோடு கலந்து, எதிர்முனைப் பெட்டி மட்டும் பிரிக்கக்கூடிய பொட்டலமாக்கி, இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரு தனிச் சுரங்கம் போட்டு அனுப்ப வேண்டும். கம்ப்யூட்டர்காரர்கள் வி.பி.என். என்றார்கள். சனங்கள் 'லைன்' என்றார்கள். சட்டத்தின் கடைசியில் இன்னொரு வரியும் இருந்தது: கரண்ட் போனாலும் பெட்டி ஒரு சின்ன பேட்டரியில் நாள் முழுக்க ஓட வேண்டும். ஆக, ஐந்து வாட். ராத்திரி விளக்குக்கு ஆகிற மின்சாரம்.

அதை வைத்துக்கொண்டு ஒரு வீட்டின் பேச்சு, படம், விளையாட்டு அத்தனையையும் துளித் துளியாகப் பூட்டி அனுப்புவதற்குள் பெட்டிக்கு மூச்சு வாங்கியது. இங்கே பேசினால் அங்கே கேட்க இரண்டு விநாடி. சனங்கள் பழகிக்கொண்டார்கள். பேசிவிட்டுக் காத்திருந்தார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டை பாதியாகக் குறைந்துவிட்டது என்றுகூட டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

கம்பெனி முதலாளி சின்னராஜ் பீளமேட்டில் முன்பு வெட்கிரைண்டர் செய்துகொண்டிருந்தவர். மின்சாரம் என்றால் மோட்டார், மோட்டார் என்றால் மாவு என்பது அவர் கணக்கு. எனவே பூங்கொடி தன் யோசனையை அவருக்கு அந்த வழியிலேயே சொன்னாள்.

"இப்பக் கஸ்டமர் வந்து இலை போட்ட பிறகுதான் நாம அரிசியே ஊறப் போடறோம் சார். பூட்டற எண்களுக்கும் பேசற பேச்சுக்கும் சம்பந்தமே இல்லீங்க. யாரும் பேசாம பெட்டி சும்மா கெடக்கற நேரத்துல எண்களை அரைச்சு வெச்சுக்கலாம். பேச ஆரம்பிச்சதும் கலந்து அனுப்ப வேண்டியதுதான்."

"மாவு புளிச்சுப் போயிராதா?"

"ஒரு தடவை எடுத்ததை மறு தடவை தொடக் கூடாது. அதை மட்டும் பார்த்துக்கிட்டாப் போதுங்க."

சொல்ல இரண்டு நிமிஷம். செய்ய அத்தனை மாதம். கடைசியில் ஒரு திருகாணிகூட மாற்றாமல், அதே ஐந்து வாட்டில், பழைய பெட்டிகளுக்கே புது மென்பொருள் போய்ச் சேர்ந்தது. இரண்டு விநாடித் தாமதம் காணாமல் போனது. துபாயில் இருக்கிற மருமகன் எதிரே உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கிறது என்று திருப்பூரிலிருந்து ஒருவர் அலுவலகத்துக்கே ஸ்வீட் பெட்டி அனுப்பினார்.

அப்படிப்பட்ட வேகத்தை வேண்டாம் என்கிற வீடு எது?

பூங்கொடி பெட்டியின் எண்ணைத் தட்டினாள். கோபிச்செட்டிபாளையம். யார் என்ன பேசுகிறார்கள் என்பது கம்பெனிக்குத் தெரியாது. எதிர்முனை எங்கே இருக்கிறது என்பதும் தெரியாது. மறைப்பதுதானே பெட்டியின் தொழில். தெரிவது இரண்டே விஷயம்: லைன் எவ்வளவு நேரம் ஓடியது, ஒரு பொட்டலம் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் எடுத்தது. இவை போக, எதிர்முனைக்கு அதன் சொந்தக்காரர் வைத்த பெயர் திரையில் இருந்தது. டொராண்டோ.

முதல் விசித்திரம் உடனே கண்ணில் பட்டது. வேகம் கூடியபின் எல்லா வீட்டிலும் சனங்கள் அதிக நேரம் பேசினார்கள். இந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு மணி நேரம் ஓடிய லைன் பாதியானது. அப்புறம் பாதியில் பாதி. போன வாரம் பத்து நிமிஷம்.

இரண்டாவது விசித்திரத்தைப் பார்த்ததும் அவள் நாற்காலியை மேஜைக்குப் பக்கமாக இழுத்துக்கொண்டாள். பொட்டலம் போய்த் திரும்ப எடுத்த நேரம் மூன்று மில்லி விநாடி.

சின்னராஜிடம் போனாள். மூன்று என்றால் நல்லதுதானே, விளம்பரத்தில் போடலாமே என்றார் அவர். இல்லை சார், அது நடக்காத காரியம் என்றாள் பூங்கொடி. கண்ணாடிக் கம்பிக்குள் ஓடுகிற வெளிச்சத்துக்கும் ஒரு வேகம் உண்டு. டொராண்டோவுக்குப் போய்த் திரும்ப அதற்கு எப்படிப் பார்த்தாலும் இருநூறு மில்லி விநாடி ஆகும். பெட்டியை இன்னும் எவ்வளவு முடுக்கினாலும் வெளிச்சத்தை முடுக்க முடியாது.

"அப்ப அந்த ஆளு கனடாவுல இல்ல."

"பக்கத்து ஜில்லாவுக்கு அந்தப் பக்கம்கூட இருக்க மாட்டாருங்க."

"இத்தனை நாளா தெரியலியே."

"நம்ம பெட்டிதான் மறைச்சிட்டிருந்துச்சு. அது எடுத்துக்கிட்ட ரெண்டு விநாடிக்குள்ள கனடாவும் ஒண்ணுதான், பக்கத்து ஊரு கவுந்தப்பாடியும் ஒண்ணுதான். இப்பத் தாமதத்தை எடுத்துட்டோம். மிச்சம் இருக்கறது தூரம் மட்டுந்தான்."

சின்னராஜ் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் வந்த வெளிச்சம் பூங்கொடிக்குப் பிடிக்கவில்லை. பெட்டியின் முகப்பில் ஒரு சின்னத் திரை வைத்து, பேசுகிறவர் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறார் என்று காட்டினால் தீபாவளிக்குப் பெட்டி பறக்கும் என்றார். ஆபீஸில் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு மகாபலிபுரத்தில் இருக்கிறவனையெல்லாம் பிடித்துவிடலாம் என்று அவரே சொல்லி அவரே சிரித்தார்.

பூங்கொடி தன் மேஜைக்குத் திரும்பி, வெளிநாட்டுப் பெயர் வைத்த எதிர்முனைகளையெல்லாம் வடிகட்டிப் பார்த்தாள். ஒன்றிரண்டு தேறும் என்று நினைத்தாள். வரிசை கீழே போய்க்கொண்டே இருந்தது. ஷார்ஜா, நான்கு மில்லி விநாடி. மெல்போர்ன், ஆறு. லண்டன், இரண்டு. ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் சாத்திய கதவு ஒன்று இருந்தது. உள்ளே யாரோ ஒருவர் வெளிநாட்டில் இருந்துகொண்டிருந்தார்.

சாயங்காலம் சின்னராஜிடம் வரிசையைக் காட்டினாள். பேச்சைப் பூட்டித் தருகிறோம் என்று காசு வாங்கிவிட்டு நேரத்தைத் திறந்து போட்டுவிட்டோம், இது நம் பூட்டில் இருக்கிற ஓட்டை என்றாள் அவள். ஓட்டை இல்லை, உண்மை என்றார் அவர். "பொய் சொல்றவனுக்குச் சௌகரியம் பண்ணிக் குடுக்கவா நாம பெட்டி விக்கறோம்?" கோபிக்கு ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

புகாரை யார் எழுதியிருப்பார்கள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. டொராண்டோவில் இல்லாத அந்த ஆள்தான். மாட்டிக்கொள்வோம் என்று பயந்து, வீட்டுப் பெட்டியின் எண்ணைப் போட்டு எழுதியிருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை காலை கோபியில் இறங்கி விசாரித்தாள். கடைவீதியில் உரக்கடை, மாடியில் வீடு. கடைக்காரர் தெய்வசிகாமணி கதர்ச் சட்டையும் நெற்றியில் திருநீறுமாகத் தானே வந்து கதவைத் திறந்தார். அறுபதைத் தாண்டியவர், பெரிய தொண்டை. கம்பெனியிலிருந்து லைன் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வந்திருக்கிறேன் என்றாள்.

"நல்ல நேரத்துக்கு வந்தீங்க அம்மிணி. இப்பப் பையன் வருவான். அவனுக்கு அங்க ராத்திரி. உக்காருங்க."

அவர் மனைவி ஈஸ்வரி உள்ளே இருந்து எட்டிப் பார்த்து, காப்பியா டீயா என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் காப்பி கொண்டுவந்தாள். கூடத்தின் நடுவே ஒரு கேரம் போர்டு. கடைகளில் இரட்டை போர்டு என்று விற்பார்கள். இங்கே ஒன்று, மகன் இருக்கிற இடத்தில் ஒன்று. பலகைக்கு அடியில் காந்தங்கள். இங்கே காய் நகர்ந்தால் அங்கேயும் அதே காய் அதே மாதிரி நகரும். பழைய வேகத்தில் அதை ஆடுவது வேடிக்கையாக இருந்திருக்கும். அடித்துவிட்டு, எதிரே அது விழுந்த செய்தி வரும்வரை விரலைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

பலகைக்கு அப்பால் திரை ஒளிர்ந்தது. முப்பதுக்குள் இருந்த ஒரு பையன். கழுத்துவரை ஸ்வெட்டர். பின்னால் கறுப்புத் திரைச்சீலை, ஒரு மேஜை விளக்கு. பெயர் பரணி என்று தெய்வசிகாமணி அறிமுகம் செய்தார். பூங்கொடியைக் கம்பெனியில் இருந்து வந்தவர் என்று சொன்னதும் அவன் தாடை லேசாக இறுகியது. பிறகு வணக்கம் சொன்னான். இரண்டு விநாடி கழித்து.

பூங்கொடி மடியில் இருந்த மீட்டரைப் பார்த்தாள். மூன்று மில்லி விநாடி. பையனைப் பார்த்தாள். மறுபடி மீட்டரைப் பார்த்தாள்.

ஆட்டம் ஆரம்பித்தது. தெய்வசிகாமணி அடித்த வெள்ளை குழியில் விழுந்தது. திரையில் பரணியின் விரல்கள் தொடையில் தாளம் போடுகிற மாதிரி அசைந்தன. அப்புறம்தான், "நல்லாப் போட்டீங்கப்பா" என்றான். அம்மா உள்ளே இருந்து என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாள். விரல்கள் அசைந்தன. அப்புறம் பதில். அப்பா ஏதோ கிண்டல் சொன்னார். பரணியின் வாய் சிரிக்கப் பிரிந்தது, மூடிக்கொண்டது. இரண்டு விநாடி கழித்துத் திறந்து சிரித்தது. அதற்குள் அது சிரிப்பாக இல்லை.

அவளுக்குப் புரிந்துவிட்டது. லைனில் தாமதம் இல்லை. தாமதத்தை அவன் கையால் செய்துகொண்டிருந்தான்.

வெளிச்சத்தின் வேகம் தெரிந்த பையன். அதனால்தான் இந்தப் பாடு. தெரியாதவனாக இருந்தால் லைன் நன்றாகிவிட்டது என்று சந்தோஷமாக வாய்க்கு வந்ததைப் பேசியிருப்பான். கோபியில் யாரும் கணக்குப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். இவன் பயந்து, போன தாமதத்தை ஒவ்வொரு பேச்சுக்கும் திருப்பி வைத்துக்கொண்டிருந்தான். ஒரு மனுஷன் அதை எவ்வளவு நேரம் செய்ய முடியும்? பத்து நிமிஷத்தில் அவன் நெற்றியில் வியர்வை தெரிந்தது. தூக்கம் வருகிறது என்றான். அப்பா சரி என்றார். திரை அணைந்தது.

பலகையில் முக்கால்வாசிக் காய் அப்படியே இருந்தது. பூங்கொடி தொண்டையைச் செருமிக்கொண்டு, லைன் நன்றாகத்தான் இருக்கிறது, ஒரு புகார் வந்ததால் பார்க்க வந்தேன், அது தவறுதலாக வந்திருக்கலாம் என்றாள்.

"தவறில்லீங்க," என்றார் தெய்வசிகாமணி. "எழுதினது நான்தான்."

அவள் காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"போன மாசம் ஆட்டத்துக்கு நடுவுல கை தவறி இங்க சொம்பு விழுந்துருச்சு. பெருஞ்சத்தம். அவன் கண்ணு உடனே சொம்புப் பக்கம் திரும்புச்சுங்க. நான் பார்த்துட்டே இருக்கேன். வாய் மட்டும் ரெண்டு விநாடி கழிச்சு, 'என்னப்பா சத்தம்'ன்னு கேக்குது. லைன் மெதுன்னா கண்ணும் மெதுவாத்தானே திரும்போணும்? அப்பறந்தான் உத்துப் பார்த்தேன். எல்லாத்துக்கும் அடக்கிட்டு அடக்கிட்டுப் பேசறான். பக்கத்துல இருக்கறவனுக்குத்தானே தூரத்துல இருக்கற மாதிரி நடிக்கற வேலை?"

மற்றதை அவர் சுருக்கமாகச் சொன்னார். முதல் வருஷம் பையன் டொராண்டோவில் இருந்தது நிஜம். அந்தக் கம்பெனி ஆள் குறைத்தது பேப்பரிலேயே வந்தது. அவன் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை, இவர்களும் கேட்கவில்லை. எங்கே இருக்கிறான், என்ன வேலை செய்கிறான் என்று தெரியாது.

"எப்படித் திறப்பான்?" என்று உள்ளே இருந்து ஈஸ்வரியின் குரல் வந்தது. "பஸ் ஸ்டாண்டு வாசல்ல அத்தாம்பெரிய ஃபிளெக்ஸ் வெச்சீங்களே. கனடா செல்லும் கோபியின் சிங்கமேன்னு. கீழ சொந்தக்காரன் அத்தனை பேரு மூஞ்சியும் வேற. அந்த பஸ் ஸ்டாண்டுல வந்து எறங்க அவனுக்கு மனசு வருமா?"

"சரி விடு ஈஸ்வரி. வந்தவங்க முன்னாடி."

"வந்தவங்களுக்குந்தான் தெரியட்டும். நான் இன்னிக்கே கூப்புட்டு, 'சாமி, தெரியும், வீட்டுக்கு வா'ன்னு சொல்லிருவேன். இவரு விட மாட்டேங்கறாரு."

"சொன்னா லைனுக்கே வர மாட்டான். உனக்கு அவனத் தெரியாது." தெய்வசிகாமணி பூங்கொடியின் பக்கம் திரும்பினார். பெரிய தொண்டை இறங்கியிருந்தது. "முன்னாடி பெட்டி பொய் சொல்லிட்டிருந்துச்சு அம்மிணி. அவன் பாட்டுக்குச் சிரிச்சிட்டிருந்தான். வாரம் ஒரு மணி நேரம். இப்ப அந்தப் பொய்ய அவன் சொமக்கறான். பத்து நிமிஷத்துக்கு மேல தாங்க மாட்டேங்குது. அடுத்த வாரம் அஞ்சு நிமிஷம் ஆகும். அப்பறம் ஒரு நாள் வேலை இருக்குதும்பான். எனக்கு இருக்கறது அந்த ஞாயித்துக்கெழமைதாங்க. ரெண்டு விநாடியத் திருப்பிக் குடுத்துருங்க. அவன் சிரிக்கட்டும்."

கேரம் கெட்டுப் போகுமே என்றாள் பூங்கொடி. கெட்டால் கெடட்டும் என்றார். கொஞ்சம் தயங்கி, அவன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்று உங்கள் மிஷினுக்குத் தெரியுமா என்று கேட்டார். சரியாகத் தெரியாது, தோராயமாகச் சொல்லலாம் என்றாள். வேண்டாம் என்று கையை அசைத்தார். பிறகு, "பஸ்ல போற தூரந்தானா?" என்றார். அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அவர் ஒரு வெள்ளைக் காயை எடுத்து விரல்களுக்கு நடுவே உருட்டிக்கொண்டே இருந்தார்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. பொட்டலங்களைப் பெட்டி இரண்டு விநாடி கையில் வைத்திருந்து விட வேண்டும். அலுவலகத்தில் சோதனை செய்கிறபோது எத்தனையோ தடவை செய்திருக்கிறாள். அரணை லேப்டாப்போடு இணைத்து, தாமதம் என்ற இடத்தில் எண்ணை இட்டு, பொத்தானைத் தட்டினாள்.

பெட்டியின் முகப்பில் மஞ்சள் விளக்கு சிமிட்டியது. லேப்டாப்பில் ஒரு வரி வந்தது. எதிர்முனையின் சம்மதத்துக்காகக் காத்திருக்கிறது.

பூங்கொடி அந்த வரியை மறுபடி படித்தாள்.

அது அவளே எழுதிய விதி. ஒரு முனை தன்னிஷ்டத்துக்குச் சுரங்கத்தில் கை வைக்க முடியுமென்றால் திருடனும் வைப்பான். அதனால் எதை மாற்றுவதென்றாலும் மற்ற முனையும் சம்மதிக்க வேண்டும். அலுவலகத்தில் இரண்டு பெட்டியும் அவள் மேஜையில்தான் இருக்கும். இடது கையால் கேட்பாள், வலது கையால் சம்மதம் என்று தட்டுவாள். தட்டித் தட்டி, எதிரே இன்னொரு ஆள் இருப்பான் என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது.

"என்னாச்சுங்க?"

சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னாள். பரணியின் திரையில் இப்போது என்ன எழுதியிருக்கும் என்பதையும் அப்படியே சொன்னாள்: கோபி வீடு இந்த லைனில் இரண்டு விநாடி தாமதம் கேட்கிறது. சம்மதமா?

தெய்வசிகாமணிக்குப் புரிய ஒரு நொடி ஆனது. அப்பா தாமதம் கேட்கிறார் என்றால், தாமதம் இல்லை என்பது அப்பாவுக்குத் தெரியும். அது தெரிந்தால் மற்றதெல்லாம் தெரியும்.

"திருப்பி வாங்கிருங்க அம்மிணி."

"போய்ச் சேர்ந்திருக்குங்க," என்றாள் பூங்கொடி. அவள் தட்டி விரலை எடுப்பதற்குள் போய்ச் சேர்ந்திருக்கும். அவ்வளவு வேகமாக ஆக்கி வைத்திருந்தாள்.

ஈஸ்வரி கரண்டியோடு வந்து நிலைப்படியில் நின்றாள். நல்லதாய்ப் போயிற்று என்று சொல்லத்தான் வந்திருப்பாள். புருஷனின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கரண்டியை இறக்கிக்கொண்டாள். மஞ்சள் விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. கீழே கடைவீதியில் ஒரு லாரி பின்னால் வருகிற சத்தம் கேட்டது. பூங்கொடி மன்னிப்புக் கேட்டாள். அவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. எதிர்முனையில் ஒருவன் அந்த ஒரு வரியைப் படித்துக்கொண்டிருக்கிறான். அங்கே நடப்பதை அளக்க அவளிடம் மீட்டர் இல்லை.

சிமிட்டல் நின்றது. விளக்கு சிவப்பாக மாறியது.

"சம்மதமில்லேன்னு அனுப்பிட்டார்," என்றாள்.

தெய்வசிகாமணி தலையைக் குனிந்துகொண்டார். "அவ்வளவுதான். இனி வர மாட்டான்." காய்களைப் பெட்டியில் அள்ளுவதற்குக் கையை நீட்டினார்.

ஸ்ட்ரைக்கர் நகர்ந்தது.

அவர் தொடவில்லை. பலகையின் எதிர்க் கோட்டில் அது தானாக இடமும் வலமும் அசைந்து, ஓரிடத்தில் நின்றது. பிறகு பாய்ந்தது. ஒரு கறுப்புக் காய் மூலைக் குழியில் விழுந்தது. மறுபடி ஸ்ட்ரைக்கர் கோட்டுக்கு வந்தது, மறுபடி பாய்ந்தது. இந்தத் தடவை காய் குழி வாயில் முட்டி நின்றுவிட்டது. ஸ்ட்ரைக்கர் தெய்வசிகாமணியின் பக்கம் நகர்ந்து வந்து நின்றது. அவர் முறை.

திரை அணைந்தே இருந்தது. அவர் ஈஸ்வரியைப் பார்த்தார். ஈஸ்வரி, அடியுங்கள் என்கிற மாதிரி கரண்டியை அசைத்தாள். அவர் அடித்த அடியில் ஸ்ட்ரைக்கர் பலகையின் நான்கு பக்கமும் முட்டி, ஒன்றையும் தொடாமல் தானே குழிக்குள் விழுந்தது.

திரைக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது. ஸ்ட்ரைக்கர் விழுந்த சத்தம் அடங்குவதற்கு முன்பே வந்தது. அப்புறம்தான் படம் தெரிந்தது. ஸ்வெட்டர் இல்லை, ஒரு பனியன். கறுப்புத் திரைச்சீலையைப் பாதி இழுத்து ஒதுக்கியிருந்தான். ஜன்னலில் வெயில், கம்பியில் காய்கிற லுங்கி. பரணியின் கண் சிவந்திருந்தது. சிரிப்பு இன்னும் வாயில் இருந்தது.

"ஃபவுல்ப்பா," என்றான். "ஒரு காய் எடுத்து வைங்க."

"தெரியும். நீ சொல்லோணுமாக்கும்."

"சொல்லலீன்னா வைக்க மாட்டீங்களே."

"உங்கப்பன் எப்படா ஏமாத்தினான்?"

"சித்தப்பாவக் கேட்டாச் சொல்லுவாரு."

ஒருவர் பேச்சு முடிவதற்குள் மற்றவர் பேச்சு ஏறிக்கொண்டிருந்தது. பெட்டி இதற்காகத்தான் செய்யப்பட்டது என்று பூங்கொடி நினைத்தாள். சின்னராஜுக்கு என்ன சொல்வது என்பதும் அப்போது தெளிவாகிவிட்டது. தூரம் காட்டுகிற திரை வேண்டுமானால் வைக்கட்டும். ஆனால் இரண்டு முனையும் சம்மதித்தால் ஒழிய அதில் எண் தெரியக் கூடாது. சம்மதிக்காத வீட்டுக்குப் பொட்டலம் போய்த் திரும்புகிற நேரத்தைப் பெட்டி எல்லாருக்கும் ஒரே மாதிரி காட்டட்டும். எதிர்முனையில் ஒருத்தன் இருக்கிறான் என்பதைத் தான் மறந்த இந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். லேப்டாப்பைச் சத்தமில்லாமல் மூடி, மீட்டரை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

ஈஸ்வரி கரண்டியோடு போர்டுக்குப் பக்கத்தில் வந்து, தரையில் உட்கார்ந்துகொண்டாள். எங்கே இருக்கிறாய் என்று கேட்கவில்லை. இளைத்துவிட்டாய் என்று மட்டும் சொன்னாள். இல்லீங்கம்மா என்றான் அவன், உடனே.

தெய்வசிகாமணி ஃபவுலுக்கு ஒரு வெள்ளையை எடுத்து நடுவில் வைத்தார். நேராக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். நிமிராமலே, சும்மா கேட்கிற குரலில் கேட்டார்.

"அங்க மணி என்ன சாமி?"

பூங்கொடி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த மூச்சுக்கு வேலையே இருக்கவில்லை.

"எட்டே முக்கால்ப்பா," என்றான் பரணி.

தெய்வசிகாமணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டே முக்கால்தான். "சரி, ஆடு," என்றார்.